அறியாதவரை எப்படி அழைப்பது?

தில்லிக்கு வந்த முதற் குளிர்காலத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அது வகுப்பறையில் கிடைத்த பாடம் அன்று. தெருவில் கிடைத்த பாடம்.

தை மாதத்துக் காலை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பனிமூட்டம். விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து, நூலகத்துக்குப் போகும் வழி தெரியாமல் நின்றேன். சற்றுத் தள்ளி ஒருவர் நின்றிருந்தார். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தைச் சுற்றி மப்ளர், முழங்காலைத் தொடும் தடித்த கோட்டு, நல்ல உயரம். நான் கற்றிருந்த அரைகுறை இந்தியில், இயன்றவரை பணிவாக, "பாயி சாப்!" என்று அழைத்தேன். அவர் திரும்பினார். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார்!

ஒரு நொடி என்னைப் பார்த்தார். முகத்தில் சினம் இல்லை. 'இதுவும் பழகிப் போனதுதான்' என்பது போன்ற ஒரு சலிப்பு மட்டும் வந்து மறைந்தது. பிறகு கையை நீட்டி வழியைக் காட்டிவிட்டு நடந்தார். எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆனால் நன்றி சொல்லவும் நா எழவில்லை. 'அண்ணா' என்று அழைத்த வாயால் உடனே 'அம்மா' என்று எப்படி அழைப்பது?

பணிவாகப் பேச வேண்டும் என்பதுதான் என் நோக்கம். ஆனால் பணிவுக்காக நான் தேர்ந்தெடுத்த சொல்லே அவரைப் புண்படுத்திவிட்டது. இது ஏன் நேர்ந்தது? நேராமல் தடுக்க வழி உண்டா? அன்று முதல் இவற்றை எண்ணி வந்ததன் பயனே இக்கட்டுரை.

ஒரு சொல், இரண்டு வேலைகள்

அறியாத ஒருவரை அழைக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று உறவுச் சொற்கள் உண்டு. சார், மேடம் என்று ஆங்கிலம் தந்த சொற்கள் உண்டு. தில்லியில் கால் வைத்ததும் பாயி சாப், பெஹன்ஜி, பையா, ஆன்ட்டி என்று மற்றொரு பட்டியல் வந்து சேர்கிறது.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, மரியாதையோ அன்போ காட்டுவது. மற்றொன்று, 'நீர் ஆண்' என்றோ 'நீர் பெண்' என்றோ தீர்ப்புக் கூறுவது. முதல் வேலையை நாம் அறிந்து செய்கிறோம். இரண்டாம் வேலை நம்மை அறியாமலே நடந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லும் பேசுவதற்கு முன்பே, உடையையும் முடியையும் குரலையும் கொண்டு நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பெரும்பாலும் தீர்ப்புச் சரியாகவே அமைகிறது. ஆதலால் அது தீர்ப்பு என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. பிழைக்கும்போதுதான் தெரிகிறது.

பிழைக்கும் இடங்கள் சிலவா? தொலைபேசியில் குரல் ஏமாற்றும். குரல் உடையாத சிறுவன் 'மேடம்' ஆகிறான். தடித்த குரலுடைய பெண் 'சார்' ஆகிறார். கடிதத்தில் பெயர் ஏமாற்றும். மணி, ஜோதி, சசி என்னும் பெயர்களைக் கொண்டு ஆணா பெண்ணா என்று யார் அறுதியிட முடியும்? 'சுமன்' என்றால் நம் ஊரில் ஆண். வடநாட்டில் பெரும்பாலும் பெண். குர்பிரீத், மன்பிரீத் என்னும் பஞ்சாபியப் பெயர்களோ இருபாலார்க்கும் பொது. பின்னால் சிங் என்று வருகிறதா, கௌர் என்று வருகிறதா என்று பார்த்தே அறிய வேண்டும். தோற்றமும் ஏமாற்றும். 2010 அக்டோபர் முதல் தில்லி மெட்ரோவின் முதற் பெட்டி மகளிர்க்கென ஒதுக்கப்பட்டது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டையும் கால்சட்டையும் அணிந்த பெண் அதில் ஏறினால், "பாயி சாப், இது பெண்கள் பெட்டி" என்னும் குரலைக் கேட்க நேர்கிறது. தவறு செய்யாத அவர் அத்தனை பேர் முன்னிலையில் தம்மை மெய்ப்பிக்க வேண்டியவர் ஆகிறார்.

திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் இது என்றோ ஒருநாள் நேரும் இடர் அன்று. பால் வாங்கும் கடை முதல் வங்கிப் படிவம் வரை, ஒரே நாளில் பத்து இடங்களில் நேரக்கூடியது. நமக்கு அது வாய் தவறிய ஒரு சொல். அவர்க்கோ அது, 'நீர் யார் என்பதை நீர் சொல்ல வேண்டாம், நாங்கள் சொல்கிறோம்' என்னும் அறிவிப்பு.

தொல்காப்பியர் காட்டிய வழி

இது இக்காலத்தில் முளைத்த கவலை என்று சிலர் எண்ணலாம். அன்று. தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலே இதைப் பற்றிப் பேசுகிறது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கிளவியாக்கம் என்னும் இயலோடு தொடங்குகிறது. சொற்களைப் பிழைபடாமல் தொடுப்பது எப்படி என்பதே அவ்வியலின் பொருள். உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்று. அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என்று இரண்டு. ஆகப் பால் ஐந்து. பால் தெரிந்தால்தான் வினை முடியும். வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்படியானால், பால் தெரியாதபோது என்ன செய்வது?

தொல்காப்பியர் இதற்கென்றே ஒரு நூற்பா செய்துள்ளார். எதிரே வருவது மனிதர் என்பது தெளிவு. ஆணா பெண்ணா என்பது ஐயம். அந்நிலையில் பன்மையால் கூறுக என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அதை ஒரு காட்சியால் விளக்குகிறார்கள். தொலைவில் ஓர் உருவம் தோன்றுகிறது. ஆண்மகனோ, பெண்மகளோ? 'தோன்றுவான்' என்றும் சொல்ல வேண்டாம். 'தோன்றுவாள்' என்றும் சொல்ல வேண்டாம். 'தோன்றுவார்' என்று சொல்லுக. என் பனிமூட்டக் காலையை அவர்கள் முன்பே கண்டுவைத்தது போல் இல்லையா?

அதே நூல், 'ஒருவர்' என்னும் சொல் ஆண் பெண் இருபாற்கும் உரியது என்று பெயரியலில் கூறுகிறது. ஆளைக் குறிக்கையில் ஒருமை. வினை கொள்ளுகையில் பன்மை. "ஒருவர் வந்தார்" என்று இன்றும் நாம் எழுதுகிறோம். அந்த 'ஒருவர்' ஆணா பெண்ணா என்று கேட்பவரும் இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 'யார்' என்னும் வினாவும் அப்படியே. கதவு தட்டப்படுகிறது, "யார்?" என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஆணும் பெண்ணும் பலரும் அடக்கம்.

கிளவியாக்கத்திலேயே வேறொரு நூற்பா, ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. அஃது உயர்த்திச் சொல்லும் சொல். மக்கள் வழக்கில் வந்தது. இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்கிறார் ஆசிரியர். அன்று இலக்கணத்தின் வாயிலில் நின்ற அவ்வழக்கம் இன்று நம் மரியாதையின் முதுகெலும்பாகிவிட்டது. 'அவர்' என்பது பலரைக் குறித்தது போய், மதிப்பிற்குரிய ஒருவரைக் குறிக்கலாயிற்று. பலரைக் குறிக்க 'அவர்கள்' என்று இன்னொரு பன்மை வேண்டியதாயிற்று. பிறகு அதையும் மரியாதை பற்றிக்கொண்டது. 'தலைவர் அவர்கள்' என்கிறோம்.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஐயம் வந்தால் பன்மை. மதிப்புத் தந்தாலும் பன்மை. இரண்டுக்கும் ஒரே சொல்! இதனால் விளையும் நன்மை பெரிது. 'அவர்' என்று நாம் சொல்லும்போது, கேட்பவருக்கு நம் ஐயம் தெரிவதில்லை. நம் மரியாதை மட்டுமே தெரிகிறது. ஐயத்தை மரியாதையாலேயே மூடிவிடும் இத்தகைய வசதி எல்லா மொழிகளுக்கும் வாய்த்ததன்று.

நேரில் பேசும்போது இன்னும் எளிது. 'நீ வந்தாய்', 'நீங்கள் வந்தீர்கள்' என்பவற்றில் பாலே இல்லை. முன்னிலையில் தமிழ் எவரையும் ஆண் என்றோ பெண் என்றோ பிரிப்பதில்லை. பிரிப்பது வாக்கியம் அன்று. வாக்கியத்துக்கு முன்னால் நாம் ஒட்டவைக்கும் விளிச்சொல்தான். நோய் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிகிறதன்றோ?

இன்னும் ஒன்று. ஆண்மை திரிந்து பெண்மை கொண்டோரைப் பற்றியும் தொல்காப்பியம் பேசுகிறது. அவர்கள் உயர்திணையைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் குறிக்கும் பெயர் ஆண்பால் வினையைக் கொள்ளாது என்பது அதன் விதி. அதாவது 'வந்தாள்' எனலாம், 'வந்தார்' எனலாம், 'வந்தான்' எனலாகாது. பிற்காலத்து நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பால் என்றும் கொள்கிறது. விரும்பும் பாலே அவர் பால் என்பது எவ்வளவு தெளிவான நெறி! ஆனால் அதே நூற்பா, இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிகிறது. பழமையைப் போற்றும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னோர் தந்ததில் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்று பார்ப்பதுதான் கற்றவர் கடமை.

'ர்' என்னும் ஈறு

மாணவன், மாணவி என்றால் பிரிவு. மாணவர் என்றால் பொது. ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர், அமைச்சர், ஓட்டுநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர் என்று எத்தனை சொற்கள்! இவற்றில் எதைச் சொன்னாலும் ஆள் யார் என்பது தெரியும்; ஆணா பெண்ணா என்பது வெளிப்படாது.

2007 ஜூலையில் பிரதிபா பாட்டீல் நாட்டின் முதற் பெண் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 'ராஷ்டிரபதி' என்னும் இந்திச் சொல் ஒரு பெண்ணுக்குப் பொருந்துமா என்ற பேச்சு அப்போது எழுந்தது. 'பதி' என்னும் வடசொல்லுக்குத் தலைவன் என்றும் கணவன் என்றும் பொருள் உண்டல்லவா? இறுதியில் அச்சொல்லே நிலைத்தது. 2022இல் திரௌபதி முர்மு பொறுப்பேற்ற சில நாட்களில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அச்சொல்லின் ஈற்றைப் பெண்பாலாக்கிச் சொல்லப் போய், அவையில் பெரும் அமளி மூண்டது. தமிழர்க்கு அந்தத் தொல்லையே இல்லை. இராசேந்திர பிரசாத்தும் 'குடியரசுத் தலைவர்'. திரௌபதி முர்முவும் 'குடியரசுத் தலைவர்'. அந்த ஒரு 'ர்' செய்த உதவி அது.

ஆயினும் நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இன்னும் நேரம் வரவில்லை. அந்த 'ர்' யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பேராசிரியர் வந்தார்; அதிகாரி வந்தார். ஆனால் ரிக்‌ஷாக்காரன் வந்தான், வேலைக்காரி வந்தாள். மதிப்புக் கொடுக்கும் இடத்தில் பாலை மறைக்கிறோம். மதிப்பை மறுக்கும் இடத்தில் பாலை உரக்கச் சொல்கிறோம். தமிழில் ஒருவரை 'அவன்', 'அவள்' என்று பிரிக்கும் வழக்கம், உறவும் நட்பும் நீங்கலாக, நாம் தாழ்வாக எண்ணும் மனிதரிடத்திலேயே தங்கியிருக்கிறது. ஆகவே இருபாற்கும் பொதுவாகப் பேசுவது என்பது தனி வித்தை அன்று. எல்லார்க்கும் மதிப்புக் கொடுக்கத் தொடங்கினால் அது தானே வந்துவிடும். ரிக்‌ஷா ஓட்டுபவரையும் தேநீர்க் கடையில் கோப்பை கழுவுபவரையும் 'அவர்' என்று சொல்லப் பழகிய நாவுக்கு, முன்பின் அறியாத எவரையும் எப்படிச் சொல்வது என்ற குழப்பமே எழாது.

நாற்காலிக்குப் பால் உண்டா?

இனி விளிச்சொல்லுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நாளிதழ்களில் பேசப்பட்டது. அன்று நீதிபதியாக இருந்த ரேகா பள்ளியின் முன்னிலையில் வாதிட்ட வழக்குரைஞர் ஒருவர், அவரைத் திரும்பத் திரும்ப 'சார்' என்றே அழைத்தார். தாம் 'சார்' அல்லர் என்று நீதிபதி சுட்டிக் காட்டினார். வழக்குரைஞர் வருத்தம் தெரிவித்து, தாங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியால் அப்படி வந்துவிட்டது என்றார். அந்த நாற்காலி ஆண்களுக்கே உரியது என்று இன்னும் எண்ணினால் அஃது இன்னும் மோசம் என்று நீதிபதி பதில் கூறினார். இளைஞரே இப்படி இருந்தால் எதிர்காலத்தை எப்படி நம்புவது என்றும் வருந்தினார்.

இது வாய்ப் பழக்கம்தான், வன்மம் இல்லை. ஆனால் பழக்கம் எங்கிருந்து வந்தது? உயர்ந்த நாற்காலியைக் கண்டால் ஆணை நினைக்கும் மனத்திலிருந்து வந்தது. 'சார்' என்பது பொதுச்சொல் போல் பல அலுவலகங்களில் வழங்குகிறது. பொது என்று சொல்லிக்கொண்டே ஆணை அளவுகோலாக வைப்பது பொதுவாகாது.

இதற்கு நீதிமன்றத்திலேயே ஒரு மாற்று உண்டு. 'மை லார்ட்' என்னும் பழைய விளிக்குப் பதிலாக, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் 'யுவர் ஆனர்' என்றோ 'மாண்புமிகு நீதிமன்றம்' என்று பொருள்படும் தொடராலோ விளிக்கலாம் என்று இந்திய வழக்குரைஞர் மன்றம் 2006இல் விதி வகுத்தது. அடிமைக்கால வழக்கத்தை நீக்குவதே அதன் நோக்கம். எனினும் ஆளை விட்டுப் பணியை விளிக்கும் அம்முறையில் பாலுக்கு இடமே இல்லை என்பதையும் நாம் கவனிக்கலாம்.

அண்டை மாநிலமான கேரளத்திலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தூர் ஊராட்சி, 2021இல், தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்னும் விளிகளை நீக்கித் தீர்மானம் செய்தது. ஊழியரைப் பெயராலோ பதவியாலோ அழைக்கலாம் என்றது. 2023 ஜனவரியில் அம்மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம், ஆசிரியரை ஆணாயினும் பெண்ணாயினும் 'டீச்சர்' என்றே அழைக்கலாம் என்று கூறியது. நம் ஊர்ப் பள்ளிகளில் 'டீச்சர்' என்றால் பெண், 'சார்' என்றால் ஆண் என்று ஆகிவிட்டதே! பணியின் பெயர் ஒருபாலார்க்கு மட்டும் எப்படி உரிமையாயிற்று என்பது எண்ணத் தக்கது.

இந்தியில் ஒரு சிக்கல், சில தீர்வுகள்

தில்லியில் படிக்கும் நமக்கு இந்தியும் வேண்டியிருக்கிறது. தமிழில் உள்ள வசதி அங்கே தலைகீழாக இருக்கிறது. இந்தியில் 'வஹ்', 'ஆப்' என்னும் பெயர்களில் பால் இல்லை; வினையில் பால் உண்டு. "எங்கே போகிறீர்கள்?" என்று ஆணிடம் கேட்டால் "ஆப் கஹான் ஜா ரஹே ஹைன்?", பெண்ணிடம் கேட்டால் "ஜா ரஹீ ஹைன்?". மரியாதைப் பன்மையிலும் அந்தப் பிரிவு ஒழிவதில்லை.

ஆனால் அம்மொழியிலேயே வாயில்கள் பல உண்டு. முதலாவது, ஏவல் வினை. சுனியே, பதாயியே, தீஜியே, பைட்டியே என்பவை கேளுங்கள், சொல்லுங்கள், கொடுங்கள், உட்காருங்கள் என்பவை போலவே இருபாலார்க்கும் பொது. இரண்டாவது, 'உங்களுக்கு' என்று தொடங்கும் வாக்கியம். "ஆப்கோ கஹான் ஜானா ஹை?" என்றால் "உங்களுக்கு எங்கே போக வேண்டும்?" என்று பொருள்; "ஆப்கோ க்யா சாஹியே?" என்றால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பொருள். இவற்றில் கேட்கப்படுபவரின் பால் வெளிப்படாது. மூன்றாவது, 'நே' உருபு சேர்ந்த இறந்தகாலம். "ஆப்னே க்யா கஹா?" என்பதில் வினை எழுவாயோடு இயைவதில்லை; ஆதலால் சொன்னவர் ஆணா பெண்ணா என்பது அங்கும் மறைகிறது. நான்காவது, 'ஜீ' என்னும் ஒற்றை எழுத்து. பெயருக்குப் பின்னும் வரும், தனித்தும் வரும், காந்தி ஜீக்கும் அதுதான், சோனியா ஜீக்கும் அதுதான்.

அன்று பனிமூட்டத்தில் "பாயி சாப்" என்பதற்குப் பதில் "சுனியே ஜீ" என்றிருந்தால் போதும். மரியாதையில் ஒரு குறையும் வந்திராது, பிழையும் நேர்ந்திராது.

நாம் செய்யத் தக்கவை

தமிழிலும் இவ்வழியே சிறந்தது. விளிச்சொல்லில் மரியாதையைத் தேடாமல் வினையில் வையுங்கள். "சற்றுக் கேளுங்கள்", "வணக்கம், ஒரு செய்தி கேட்க வேண்டும்", "மன்னிக்க வேண்டும், இந்தப் பேருந்து கரோல் பாக் போகுமா?" என்று தொடங்கினால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. பேச்சு வழக்கில் 'ங்க' என்னும் ஈறு இருக்கிறது. வாங்க, சொல்லுங்க, சரிங்க! கோவைப் பக்கத்தார் 'ஏனுங்க' என்று அழைக்கும்போது அதில் உள்ள கனிவு 'சார்' என்பதில் உண்டா? 'என்னங்க' என்பதை மட்டும் சற்று எச்சரிக்கையோடு ஆள வேண்டும். வீடுகளில் அதற்கென்று ஒரு முகவரி இருக்கிறது!

பணியில் இருப்பவரைப் பணியின் பெயரால் அழைக்கலாம். மருத்துவரே, நடத்துநரே, நூலகரே என்பவை தொடக்கத்தில் மேடைத் தமிழ் போல் தோன்றும், பழகினால் இயல்பாகும். ஒத்த கருத்தினரிடையே 'தோழர்' என்னும் சொல் உண்டு. 1932இல் ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பிய பெரியார், பெயர்களின் முன் பிற அடைமொழிகளை விட்டுத் 'தோழர்' என்றே வழங்குமாறு கேட்டுக்கொண்டார். சாதியும் பட்டமும் தெரியாத சொல் அது. பாலும் தெரியாத சொல்லாகவே ஆளத் தக்கது.

கடிதம் எழுதும்போது, பெயரை மட்டும் கொண்டு 'திரு' என்றோ 'திருமதி' என்றோ ஊகிக்க வேண்டாம். முழுப் பெயரையும் எழுதி 'அவர்களுக்கு' என்று முடித்தால் போதும். திருமதியா செல்வியா என்று மணமானதையும் சேர்த்து ஊகிக்கும் வேலை அதனால் மிச்சமாகிறது.

மேடையில் பேசுவோர்க்கும் ஒரு சொல். "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று தொடங்குகிறோம். 'பெரியோர்' என்பது இருபாற்கும் பொதுச்சொல். அதன் அருகில் தாய்மாரைத் தனியே நிறுத்தியதும், பெரியோர் என்றால் ஆடவர் என்று ஆகிவிட்டது! "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்பதில் யாரும் விடுபடவில்லை. இலண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 2017 முதல், சீமாட்டிகளையும் கனவான்களையும் தனித்தனியே விளித்து வந்த அறிவிப்பை விடுத்து, 'எல்லோர்க்கும் காலை வணக்கம்' என்னும் பொருள்பட அறிவிக்குமாறு ஊழியர்க்குச் சொல்லப்பட்டது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததை நம் 'வணக்கம்' முன்பே வைத்திருக்கிறது.

இவ்வளவு கவனமாக இருந்தும் பிழை நேரலாம். நேர்ந்தால், "மன்னியுங்கள்" என்று ஒரே முறை சொல்லித் திருத்திக்கொண்டு மேலே பேசுக. பத்து முறை வருந்தி மன்றாடினால், அவரே நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வரும். ஒருவர் தம்மை இன்னவாறு அழைக்க வேண்டும் என்று கூறினால் அதை ஏற்றுக்கொள்க. அங்கே நம் கண்ணும் காதும் சான்று அல்ல. அவர் சொல்லே சான்று. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், 2014 ஏப்ரல் 15 அன்று, தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒருவர்க்கு உண்டு என்று இதே தில்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலும் 2008இல் திருநங்கையர்க்கென நல வாரியம் அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கு ஒன்றன் தொடர்ச்சியாக, பாலின வேறுபாடுடையோரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை மாநில அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. இழிசொற்கள் பல வழங்கிய இடத்தில் திருநர், திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் வந்துள்ளன. 'திரு' என்னும் அடைமொழிக்கு இதைவிடச் சிறந்த பயன் வேறு என்ன?

உறவுச் சொல்லை விடுவதா?

ஒரு மறுப்பு எழலாம். "அம்மா, அண்ணா, அக்கா என்று அறியாதவரையும் உறவாக்கிக்கொள்வது தமிழர் பண்பு. அதையும் விட்டுவிட்டால் பேச்சில் ஈரம் ஏது?" என்று கேட்கலாம். ஆயிரம் மைல் கடந்து வந்து, விடுதி அறையில் தனியே இருக்கும் நமக்கு, ஒரு கடைக்காரர் 'தம்பி' என்றோ 'பாப்பா' என்றோ அழைத்தால் உள்ளம் குளிர்வது உண்மைதான். அதை நானும் மறுக்கவில்லை.

விட வேண்டும் என்று சொல்லவில்லை. உறவுச் சொல் ஒரு பரிசு. பரிசைக் கொடுப்பதற்கு முன் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பது முறை. முதற் சொல்லிலேயே உறவைச் சூட்டாமல் இரண்டு வார்த்தை பேசிய பிறகு சூட்டினால் அதன் மதிப்பு குறையாது, கூடும். 'நீங்கள்' என்று தொடங்குவோம். அறிந்த பின் 'அக்கா' என்போம். ஐயத்தில் மரியாதை, தெளிவில் உறவு. இவ்வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

அந்த அம்மையாரை நான் மீண்டும் காணவில்லை. ஆனால் அதற்கு அடுத்த குளிர்காலத்தில், அதே நிலையத்தின் வாயிலில், குல்லாயும் மப்ளருமாக நின்ற வேறொருவரிடம் பேச நேர்ந்தது. "சுனியே ஜீ" என்றேன். அவர் திரும்பிப் புன்னகையோடு வழி சொன்னார். நானும் இம்முறை வாய்விட்டு நன்றி சொன்னேன். அவர் ஆணா பெண்ணா என்று கேட்கிறீர்களா? வழி சொன்னார், அவ்வளவுதான்.